நிலையத்துக்கு ஒரு கமரா

எங்கள் நிலையத்துக்குக் கமரா ஒன்று வாங்க வேண்டும். பெரிய டி.எஸ்.எல்.ஆர். கமராவா, கைப்பைக்குள் அடங்கும் சிறியதா என்று மாதாந்தக் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் பேசினோம். இளைய அங்கத்தவர்கள் பெரியதன் பக்கம்.

பெரியதன் அருமை எனக்கும் தெரியும். அதனுள் ஒளியை வாங்கும் பகுதி ஏறக்குறைய 22 மில்லிமீற்றர் நீளமும் 15 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. சாதாரண சிறிய கமராவில் நீளமே 6 மில்லிமீற்றர்தான். பரப்பில் 12 மடங்கு வித்தியாசம். அதனால் மங்கலான வீட்டுக்குள்ளும் படம் தெளிவாக வரும். சாமத்தியவீடு, கலியாணம் எடுத்து உழைக்க விரும்பும் சகோதரி சுயதொழில் கடனில் அதைக் கேட்டால் நான் மறுக்கமாட்டேன்.

எங்கள் வேலை வேறு. வீடு வீடாகப் போகிறோம். கழுத்தில் பெரிய கமரா தொங்கினால், “எந்தப் பேப்பரிலை வரும் பிள்ளை?” என்பதுதான் முதற்கேள்வி. 2009இற்குப் பிறகு அப்படிப் பலர் வந்து, அழும் முகங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: “என்ரை முகம் அவையளிட்டை இருக்கு. என்ரை பிள்ளையின்ரை முகம்தான் என்னட்டை வடிவா இல்லை.”

அவரிடம் இருப்பது அடையாள அட்டை அளவுப் படம் ஒன்று. இடப்பெயர்வில் நனைந்து ஓரம் உரிந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்துக்கும், பிறகு காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் அதைத்தான் கொண்டு திரிந்தார். இப்படியான படங்களைப் பிரதி எடுப்பதே எங்கள் கமராவுக்கு முதல் வேலை. அதற்கு இருட்டில் எடுக்கும் வல்லமை தேவையில்லை. படத்தை விறாந்தைக்குக் கொண்டுவரலாம். நேர்வெயில் படாமல் வைத்து, பிளாஷை நிறுத்தி, நேர்மேலே நின்று எடுத்தால் 12 மெகாபிக்சல் சிறிய கமராவே போதும். பிளாஷ் அடித்தால் லெமினேற் மினுங்கி முகத்தை மறைத்துவிடும். உங்களிடமும் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தால் பிய்க்கவேண்டாம், சகோதரிகளே, அப்படியே எடுக்கலாம்.

“போன் இருக்குத்தானே?” என்றார் பொருளாளர். என் போனில் எடுத்தால் அந்த முகங்களும் என்னோடு வீட்டுக்கு வரும். கை தவறி வைபரிலும் போகும். கமராவின் மெமரி காட்டை நிலையத்து அலுமாரியில் பூட்டிவைக்கலாம்.

சிறிய கமராக்கள் இப்போது கடைகளில் அருகிவிட்டன. பாவித்தது ஒன்று பார்த்திருக்கிறோம். லென்ஸில் பூஞ்சணம் உண்டா, பற்றரி வீங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுப்போம். மிஞ்சும் காசு, எடுத்த படங்களைக் கழுவிக் கொடுக்க.