வானத்தில் ‘சரி’க்கு இடமில்லை

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களை அதிகம் பயமுறுத்துவது கைப்பிடியில் இருக்கும் ஒரு சின்னப் பொத்தான். உயரம் பழகிவிடுகிறது. பத்துப் பதினைந்து மணி நேரத்தில் காற்றின் உலுக்கலும் பழகிவிடுகிறது. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்திப் பேச வேண்டிய நேரம் வந்தால் நன்றாகப் படித்த, நாலு பேர் முன் பேசத் தயங்காத ஆட்களுக்குக்கூட நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

பெங்களூரில் இந்தப் பயத்தின் முகவரி ஜக்கூர். பெல்லாரி சாலையில் ஹெப்பால் மேம்பாலத்தைத் தாண்டி விமான நிலையத்துக்கு விரைகிறவர்கள், வலப்புறம் ஒரு சிறிய விமானத் தளம் இருப்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 1940களின் இறுதியில் மைசூர் அரசின் விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்ட இடம் அது. தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பெயர் வேறு காரணத்தால் நினைவிருக்கலாம். 2004 ஏப்ரல் 17 அன்று நடிகை சௌந்தர்யா தேர்தல் பிரசாரத்துக்காக ஏறிய சிறு விமானம் இங்கிருந்துதான் கிளம்பியது. சில நிமிடங்களில் விழுந்தது. வானொலிப் பேச்சுக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஜக்கூருக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் மனதில் அந்த நினைவு ஓரமாக இருந்துகொண்டுதான் இருக்கும்.

ஜக்கூரைச் சுற்றியுள்ள வானம் காலியானது அல்ல. சில கிலோமீட்டர் தொலைவில் எலகங்கா விமானப்படைத் தளம். அதற்கும் வடக்கே தேவனஹள்ளியில் கெம்பேகௌடா சர்வதேச விமான நிலையம். தெற்கே ஹெச்.ஏ.எல். விமான நிலையம். பயிற்சி விமானத்தின் சிறிய கூட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இவற்றில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். ஆகவே முதல் பாடமே கேட்பது. ஒரே அலைவரிசையில் எல்லோரும் இருக்கிறார்கள். ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினால் இருவர் பேச்சும் சிதைந்து, கேட்கிறவர்களின் காதில் ஒரு கீச்சொலி மட்டும் மிஞ்சும். அதனால் முதலில் கேட்க வேண்டும், என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், பிறகு அழுத்த வேண்டும். யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும். நான்கே விஷயங்கள். “வணக்கம் சார், ஒரு சின்ன ரிக்வெஸ்ட்” என்று ஆரம்பிக்கும் நம் ஊர் மரியாதை அங்கே மரியாதைக் குறைவு. அந்த நான்கு விநாடியில் வேறு யாரோ அவசரமாகப் பேசக் காத்திருக்கலாம்.

தமிழருக்கும் கன்னடருக்கும் பொதுவான ஒரு சொல்லை இந்தப் பயிற்சி முதலில் பிடுங்கிக்கொள்கிறது: ‘சரி’. பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநரிலிருந்து அலுவலக அதிகாரி வரை எல்லோரும் சொல்லும் இந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள்! காதில் விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன், அப்படியே செய்கிறேன், பேச்சை முடித்துக்கொள்வோம், நீ சொல்வது புரியவில்லை ஆனால் மறுபடி கேட்க வெட்கமாக இருக்கிறது. வானொலி இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ‘ராஜர்’ என்றால் நீங்கள் சொன்னது முழுவதும் காதில் விழுந்தது என்று மட்டும் பொருள். செய்வேன் என்ற வாக்குறுதி அதில் இல்லை. அதற்கு ‘வில்கோ’ வேண்டும். ஓடுபாதையில் நுழைவது, கிளம்புவது, இறங்குவது, உயரம், திசை போன்றவற்றுக்கு இந்த இரண்டும்கூடப் போதாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1977 மார்ச் 27ஐ நினைவுபடுத்துவது பயிற்சி வகுப்புகளின் வழக்கம். ஸ்பெயினின் டெனரிஃப் தீவு. மூடுபனியில் ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். கே.எல்.எம். விமானி கிளம்ப ஆரம்பித்துவிட்டார். அவருடைய துணை விமானி அதைத் தெளிவில்லாத ஒரு வாக்கியத்தில் சொன்னார். கோபுரத்திலிருந்து வந்த பதிலின் முதல் சொல் ‘ஓகே’. அதைத் தொடர்ந்து, காத்திருங்கள் என்று கோபுரம் சொன்னது. அதே விநாடியில் பான் ஆம் விமானம், தான் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகச் சொன்னது. இரண்டு குரலும் மோதி, கே.எல்.எம். அறையில் கீச்சொலியாகின. தெளிவாகக் கேட்டது அந்த ‘ஓகே’ மட்டும்தான். இறந்தவர்கள் 583 பேர். அதன் பிறகுதான் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லே பூட்டி வைக்கப்பட்டது. கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறு எப்போதும் அதை உச்சரிப்பதில்லை. மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’.

தமிழ் படித்தவர்களுக்கு நன்னூலின் விடை வகைகள் மறந்திருக்காது. சுட்டு, மறை, நேர் தொடங்கி எட்டு. “இதைச் செய்வாயா?” என்றால் “செய்வேன்” என்பது நேர்விடை. “உடம்பு வலிக்கிறது” என்பது உற்றது உரைத்தல். “உடம்பு வலிக்கும்” என்பது உறுவது கூறல். மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லாமலேயே கேட்டவருக்குப் புரியவைக்கும் நாகரிகம் இது. ஒரே கூடத்தில் முகம் பார்த்துப் பேசுகிறவர்களுக்குப் பொருந்தும். முகம் தெரியாத, இரைச்சல் மிகுந்த அலைவரிசையில் நேரும் மறையும் தவிர மற்றவை ஆபத்து.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் அவியாங்கா விமானம் நியூயார்க்கை நெருங்கியது. நெரிசலால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானத்தில் வட்டமிடவேண்டியிருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. அவசரநிலை என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியிடம் கூறினார். துணை விமானி கோபுரத்திடம் சொன்னதோ, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும். சாட்சாத் உற்றது உரைத்தல். ‘எமர்ஜென்ஸி’ என்ற சொல் கடைசிவரை வரவில்லை. மறுபடி சுற்றிவரச் சொன்னபோது, பரவாயில்லையா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார்; பரவாயில்லை என்ற தோரணையில் பதில் சொல்லி நன்றியும் கூறினார் துணை விமானி. கேப்டன் கேட்டபோது சொல்லிவிட்டேன் சார் என்றார். சிறிது நேரத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. 73 பேர் இறந்தார்கள். பணிவு இவ்வளவு விலை கேட்ட வேறொரு உரையாடலைச் சொல்வது கடினம்.

எல்லா இடறலும் பண்பாட்டால் வருவதல்ல. சில வெறும் ஒலிக் கோளாறு. 1989 பிப்ரவரியில் கோலாலம்பூரில் இறங்கவந்த ஒரு சரக்கு விமானத்துக்கு ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ வரை இறங்கலாம் என்று அனுமதி வந்தது, அதாவது 2,400 அடி. அந்த ‘டூ’வை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் ஆங்கிலத்தின் ‘வரை’யாக எடுத்துக்கொண்ட விமானிகள் 400 அடி என்று புரிந்துகொண்டார்கள். அப்படியே திருப்பிச் சொல்லவும் செய்தார்கள். யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி நால்வர் இறந்தனர்.

உச்சரிப்பு விஷயத்தில் தமிழ் நாக்குக்கு ஓர் ஆறுதல் உண்டு. மூன்றை ‘ட்ரீ’ என்று சொன்னதற்காகப் பள்ளியில் கேலிக்கு ஆளானவர்கள் கவனிக்கவும்: சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி மூன்றுக்குச் சரியான உச்சரிப்பே ‘ட்ரீ’தான். உலகில் பாதிப் பேருக்கு வராத ஒலியை அந்த அமைப்பு தூக்கிப்போட்டுவிட்டது. ஒன்பது ‘நைனர்’. ஐந்து ‘ஃபைஃப்’, இங்கே மட்டும் தமிழ் நாக்கு கொஞ்சம் திண்டாடும். பி, டி, ஜி, சி என்று இழையும் எழுத்துகள் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்பதால் பிராவோ, டெல்டா, கோல்ஃப், சார்லி. 1956இல் நடைமுறைக்கு வந்த இந்த அரிச்சுவடியை ஜக்கூர் மாணவர்கள் பைக் நம்பர் பலகைகளைப் படித்துப் படித்து மனப்பாடம் செய்யலாம். பெங்களூர் சாலை நெரிசல் அதற்கு வேண்டிய நேரத்தைத் தாராளமாகத் தருகிறது.

சிரிப்பு வரவழைக்கும் விபத்துகளும் உண்டு. பொத்தான் அழுந்தியபடியே மாட்டிக்கொள்வது அதில் பிரசித்தம். பேசுகிறவருக்குத் தெரியாது, ஊருக்கே கேட்கும், வேறு யாரும் பேசவும் முடியாது. 2011இல் அமெரிக்காவின் டெக்சாஸ் வான்வெளியில் ஒரு விமானி தன் பணிப்பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசிய பேச்சு முழுவதும் இப்படித்தான் அலைவரிசையில் ஒலிபரப்பானது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நெளிந்தார்கள்; நிர்வாகம் அவரைத் தற்காலிகமாக நீக்கியது.

பெங்களூருக்கும் ஒரு கதை உண்டு, அதில் யாரும் சிரிக்க முடியாது. 2022 ஜனவரி 7 காலை கெம்பேகௌடா விமான நிலையத்தில் ஒரு ஓடுபாதையை மட்டும் பயன்படுத்துவது என்று பணிப் பொறுப்பாளர் முடிவெடுத்தார். தெற்கு ஓடுபாதையைக் கவனித்த கட்டுப்பாட்டாளருக்கு அது சொல்லப்படவில்லை என்றது டி.ஜி.சி.ஏ.யின் முதற்கட்ட அறிக்கை. இணையாக ஓடும் இரண்டு பாதைகளிலிருந்தும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு இண்டிகோ விமானங்கள் கிளம்பின. ஒன்று கொல்கத்தாவுக்கு, மற்றது புவனேஸ்வருக்கு. இரண்டிலும் சேர்த்து 400க்கும் மேற்பட்டோர். காற்றில் அவை நெருங்குவதை ரேடார் முன் இருந்தவர் கவனித்து, ஆளுக்கொரு பக்கமாகத் திருப்பினார். சொல்லியிருப்பார்கள் என்று ஒருவர் நினைத்துக்கொள்வதற்கும் திருப்பிச் சொல்லக் கேட்பதற்கும் இடையே உள்ள தூரம் அன்று அவ்வளவுதான்.

இதையெல்லாம் புத்தகத்தில் படிப்பது சுலபம். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும். வானொலி இயக்குநர் உரிமமும் வேண்டும். பல ஆண்டுகள் தொலைத்தொடர்புத் துறை நடத்திய அந்தத் தேர்வு, 2025 ஜனவரியில் அமலான புதிய விமானச் சட்டத்தால் டி.ஜி.சி.ஏ.யின் பொறுப்புக்கு வந்தது. மாணவர்கள் நடுங்கும் தேர்வு அது. மனப்பாடம் செய்தவர்கள் தேறிவிடலாம். ஆனால் தேர்வு எதிலும் அளக்க முடியாத ஒன்று இருக்கிறது: ‘ஸே அகெய்ன்’ என்று கேட்கும் துணிச்சல். பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கும் அலைவரிசையில், அதிகாரக் குரலில் வந்த உத்தரவைப் பார்த்து எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று ஒரு மாணவர் சொல்ல வேண்டும். ஆசிரியர் கேட்டதும் வகுப்பே ஒரே குரலில் ‘புரிஞ்சுது சார்’ என்று பாடி வளர்ந்த தலைமுறைகளிடம் இதைக் கேட்பது லேசான காரியமில்லை. வாய்ப்பாடும் இறக்கையின் தூக்குவிசையும் கற்பிப்பதற்கு முன்னால் பயிற்சியாளர்கள் இந்தக் கூச்சத்தைத்தான் உடைக்க வேண்டும். கேட்ட மாணவரைக் கடிந்துகொள்ளும் பயிற்சியாளர், அடுத்த முறை ‘ராஜர்’ என்று பொய் சொல்ல அவருக்குக் கற்றுத்தருகிறார்.

வானொலியே செத்துப்போனால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கோபுரத்திலிருந்து ஒளி வரும். அணையாத பச்சை என்றால் இறங்கலாம். அணையாத சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டு வட்டமிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒளியைத் திருப்பிச் சொல்ல முடியாதல்லவா? பார்த்தேன் என்று காட்ட, பகலாக இருந்தால் இறக்கைகளை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். நம் ஊர்த் தலையாட்டலை விமானம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரு சந்தர்ப்பம் அது.