கூரை கழற்றிய கார்

எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் 1965ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை முழுமையாகச் சீர்செய்ய 4,80,000 ரூபாய் ஆகும் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். சீர்செய்தபின் விற்றால் 3,00,000 கிடைக்கலாம் என்பதும் அவருடைய மதிப்பீடே. இப்போதிருக்கும் நிலையில் எடுத்துக்கொள்ள ஒருவர் 60,000 தரத் தயாராயிருக்கிறார். கணக்குதான் கேள்வி என்றால் இக்கட்டுரையை இந்த வரியிலேயே முடித்துவிடலாம்.

ஹெரால்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1959இல் ட்ரயம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த கார் இது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதைச் சென்னையில் தயாரித்தது. 948 சிசி எஞ்சின். முன்பக்கத்து பானெட் முழுவதும் சக்கர மூடிகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும்; டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்க்கலாம். பெரும்பாலான கார்களில் உடற்கூடும் அடிப்பகுதியும் ஒன்றாய் இணையத் தொடங்கியிருந்த காலத்தில், ஹெரால்டு மட்டும் தனிச் சேசிஸின் மேல் பல துண்டுகளாகப் பூட்டப்பட்டது. கூரையும் அப்படியே. போல்ட்டுகளைக் கழற்றினால் கூரை தனியாக வந்துவிடும்; பாரத்தைச் சேசிஸ் தாங்கிக்கொள்வதால் வண்டி தளர்ந்துவிடாது.

இந்தச் சிறப்பை நூல்களில் படித்துத் தெரிந்துகொண்டவரல்லர் அப்பா. கும்பகோணத்தில் பழைய வண்டியாக அதை வாங்கிய சில மாதங்களிலேயே பட்டறையில் கூரையைக் கழற்றச் செய்து, மழைக்கு மட்டும் இழுத்து மூடிக்கொள்ள ஒரு கான்வாஸ் விரிப்பைத் தைத்து வாங்கினார். காரணம் அழகுணர்ச்சியன்று, மாப்பிள்ளை அழைப்பு. முகூர்த்த நாட்களின் மாலைகளில் திறந்த காருக்கு அன்று இருந்த கிராக்கி அப்படி. நாதஸ்வரக்காரர்கள் முன்னே நடக்க, பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இருபுறமும் வர, கார் நடைவேகத்தில் ஊர்ந்தாக வேண்டும். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்று போதாது, தண்ணீர் கொதித்துவிடும். அரை கிளட்சிலேயே ஓட்டுவதால் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோகும். சீட்டுக்கடியில் எப்போதும் ஒரு குடம் தண்ணீர் இருக்கும். நானும் தம்பியும் படித்த படிப்பில் பெரும்பகுதி அந்த நடைவேகத்தில் வந்த பணத்தில் படித்ததுதான். கழற்றிய கூரை கொல்லையில் விறகுக்கு மூடியாகக் கிடந்து துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போனது.

மெக்கானிக்கின் மதிப்பீடு நியாயமானதே. ஹெரால்டின் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகளில் நீர் தங்கும். முதலில் அவைதான் அரிக்கும். எங்கள் வண்டியில் இரண்டு விரலால் அழுத்தினாலே உதிர்கின்றன. தரைத் தகட்டில் மூன்று இடங்களில் மண் தெரிகிறது. வயர்களின் உறை பொடிகிறது. இன்று பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் மாற்றியே ஆக வேண்டும். டிங்கரிங், பெயின்டிங், சீட் வேலை, குரோம் பூச்சு, இங்கிலாந்திலிருந்து தருவிக்க வேண்டிய உதிரிபாகங்கள், இவற்றோடு எங்கிருந்தேனும் தேடிப்பிடித்து மாட்ட வேண்டிய ஒரு கூரை.

கூரை ஏன் என்று கேட்டேன். “ஒரிஜினலா இருந்தாத்தான் சார் மதிப்பு” என்றார். சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. 2021இல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வாகனம் ‘விண்டேஜ்’ என்று பதிவுபெற வேண்டுமானால் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் ஏதுமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். கூரை வெட்டவெளியாக நிற்கும் வண்டியை மூல வடிவென்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பதிவு கிடைத்தாலும் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது.

பணம் இருக்கும் இடம் ஒன்றுதான்: அப்பா அம்மாவின் பெயரில் விட்டுச்சென்ற 5,00,000 ரூபாய் வைப்புத்தொகை. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. தம்பி வெளிப்படையாகவே கேட்டான்: “நாளைக்கு அம்மாவுக்கு ஒண்ணுன்னா காரையா கொண்டுபோய் ஆஸ்பத்திரியில கட்டுவ, அண்ணே?” இந்தக் கேள்விக்கு முன் எந்தப் பழம்பொருள் ஆர்வமும் நிற்காது. அம்மா சொன்னது வேறு: “கூரைய மாட்டிட்டா அது யாரோ ஒருத்தரு கார். உங்கப்பா கார் இல்ல.”

அம்மாவின் வாக்கியத்தை நான் என் தொழிலின் வழியாகத்தான் புரிந்துகொள்ள முடிந்தது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது நானூறு பாடல்களில் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் ஏடு சிதைந்து சொற்கள் போயிருந்தன. யாப்பறிந்த புலவர் அவர். விட்ட சீர்களை நிரப்புவது அவருக்கு அரிதன்று. ஆனால் புள்ளிகளை இட்டு அவ்விடங்களை அப்படியே விட்டார். புள்ளியிட்ட வரி வாசகனுக்கு உண்மையைச் சொல்கிறது: இங்கே இருந்தது, இப்போது இல்லை. நிரப்பப்பட்ட வரியோ முழுமையாகத் தோன்றிக்கொண்டே பொய் சொல்கிறது.

காருக்கும் இதே சிக்கல்தான். மீட்பது என்றால் எந்த ஆண்டுக்கு மீட்பது? 1965இல் ஆலையிலிருந்து வெளிவந்த காருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எங்களைப் படிக்கவைத்த காருக்குக் கூரை கிடையாது. முன் கண்ணாடிச் சட்டத்தில் பூச்சரம் கட்டுவதற்காக அப்பா போட்ட நான்கு துளைகள் இருக்கின்றன. முழுச் சீரமைப்பில் அவற்றைத்தான் முதலில் பட்டி வைத்து அடைப்பார்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் கொடுத்து அப்பாவின் கையை அழித்துவிட்டு, அதற்குச் சீரமைப்பு என்று பெயரிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே கேள்வியை மாற்றிக்கொண்டேன். ‘இந்தச் செலவு தகுமா’ என்பதற்கு முன், ‘எது போய்விடாமல் இருக்க வேண்டும்’ என்று கேட்டால் பட்டியல் தானாகச் சுருங்குகிறது. அரித்த தாங்கிகளை வெட்டிப் புதியவற்றைப் பற்றவைக்க வேண்டும். தரைத் தகட்டின் ஓட்டைகளை, ஒட்டு தெரியும்படியே, அடைக்க வேண்டும். பிரேக், வயரிங், பெட்ரோல் குழாய்கள், புதிய கான்வாஸ். எஞ்சின் இறுகிப்போகவில்லை, அதைப் பிரிக்க வேண்டியதில்லை. பெயின்ட் இல்லை, குரோம் இல்லை, கூரை இல்லை. மெக்கானிக் முகம் சுளித்தபடி போட்டுக் கொடுத்த கணக்கு 1,40,000.

அம்மாவின் வைப்புத்தொகையைத் தொடுவதில்லை என்பதில் தம்பி சொன்னதே முடிவு. என் பங்கு எழுபதாயிரத்தை என் சம்பளத்திலிருந்து ஆறு மாதத்தில் சேர்த்துவிடுவேன். தம்பி இன்னும் இசையவில்லை. “ரோட்டுல ஓட்ட முடியாத வண்டிக்கு எதுக்கு இவ்வளவு?” என்கிறான். அதில் நியாயம் இருக்கிறது. பதிவு காலாவதியான அந்தக் கார் கொட்டகையிலிருந்து வாசல்வரை மட்டுமே நகரும். அவன் பங்கு வராவிட்டால் தாங்கிகளும் தரைத் தகடும் மட்டும் இந்த ஆண்டு, மற்றவை காத்திருக்கட்டும். துரு காத்திராது என்பதால் இந்த வரிசை.