சமாதானக் கூட்டத்துக்குப் போகும் முன் மூன்று படங்கள்

பதினாறு வருடங்களுக்கு முன்பு ஒரு தாலுகா அலுவலகத்தில் நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை அது. ஊர்த்தெரு வழியாகப் பிணம் போகக் கூடாது என்று மறித்தார்கள். கல் விழுந்தது. எங்கள் பையன்கள் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. மூன்றாம் நாள் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்று கூப்பிட்டார்கள்.

நாங்கள் ஐந்து பேர் சுவரோரம் நின்றோம். அவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். யாரும் எங்களை நிற்கச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. நாங்களாகவே நின்றோம். கடைசியில் ஒரு தாள் வந்தது. 'இரு தரப்பினரும் இனி எவ்விதப் பிரச்சினையும் செய்யமாட்டோம்' என்று எழுதியிருந்தது. கல் எறிந்தவனும் மண்டை உடைந்தவனும் ஒரே வரியில். பாதையைப் பற்றி, 'பழைய நிலையே தொடரும்'. அந்தப் பழைய நிலைதானே பிரச்சினை! வெளியே வந்ததும் அடிபட்ட பையனின் அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, நீதானே காலேஜ் படிச்சவன், படிச்சுப் பாத்துட்டுத்தானே போட்ட?"

படித்துப் பார்த்துத்தான் போட்டேன். பேசத் தெரியாததால் போட்டேன்.

அதனால்தான் எங்கள் மாலைநேரப் பயிலகத்தில் இப்போது பேச்சுவார்த்தையை ஒரு பாடமாக வைத்திருக்கிறோம். சொற்பொழிவு ஆற்றினால் பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள், மறந்துவிடுவார்கள். நம் ஊர்ச் சம்பவத்தை எடுத்தால் கோபம் வரும், அழுகை வரும், யோசனை வராது. படம் என்றால் அது வேறு யாருடைய சண்டையோ. நடுவில் நிறுத்தி, "இப்ப யார் கை ஓங்கியிருக்கு? ஏன்?" என்று கேட்கலாம்.

முதலில் போடுவது '12 ஆங்ரி மென்'. சிட்னி லூமெட் இயக்கி 1957இல் வந்த அமெரிக்கப் படம். தகப்பனைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட பதினெட்டு வயதுப் பையனின் உயிர், ஒரு அறைக்குள் இருக்கும் பன்னிரண்டு ஜூரிகளின் கையில். கை தூக்கச் சொன்னால் பதினொரு பேர் 'குற்றவாளி' என்கிறார்கள். ஹென்றி ஃபோண்டா மட்டும் இல்லை என்கிறார். பையன் நிரபராதி என்று அவர் சொல்வதில்லை. 'பேசுவோம்' என்கிறார், அவ்வளவுதான். பிறகு ரகசிய வாக்கெடுப்பு கேட்கிறார். ஒரு சீட்டு மாறி விழுகிறது. இங்கே படத்தை நிறுத்துவேன். கை தூக்கும்போது ஒரே குரலாகத் தெரிகிற கூட்டத்துக்குள் ஒரு தயக்கம் எப்போதும் இருக்கிறது. ஊர்த்தெருவிலும் இருக்கிறது. அதைத் தேடாமல் பேச உட்காரக் கூடாது.

நான் தயாரித்த பாடம் இவ்வளவுதான். மீதியைப் பிள்ளைகள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நர்சிங் படிக்கும் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, அந்தப் பையன் எங்க?" படத்தின் தொடக்கத்தில் சில நொடிகள் அவன் முகம் வருகிறது. அதன்பிறகு இல்லை. ஒரு வார்த்தைகூட அவன் பேசுவதில்லை. அவனைப் பற்றிய பேச்சில் அவனுக்கு இடமில்லை. நல்லவர் ஒருவர் உள்ளே இருந்ததால் அவன் பிழைத்தான். அப்படி ஒருவர் இல்லாத அறைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு தம்பிக்கு ஃபோண்டாவைப் பிடிக்கவில்லை. ஐந்தாவது ஜூரியைப் பிடித்திருந்தது. அவர் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். மற்றவர்கள் குடிசைப் பிள்ளைகளை இழிவாகப் பேசும்போது முதலில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். பிறகு கத்தி பற்றிய பேச்சு வருகிறது. அந்த வகை மடக்குக் கத்தியைப் பழகியவன் கீழிருந்து மேலாகத்தான் குத்துவான், காயமோ மேலிருந்து கீழாக இருக்கிறது என்று எழுந்து காட்டுகிறார். தெருச்சண்டையைப் பார்த்து வளர்ந்தவருக்குத்தான் அது தெரியும். "அதுவரைக்கும் மறைச்சதுதாண்ணே அவரோட பலம்" என்றான் அந்தத் தம்பி. எங்கே பிறந்தோம் என்பதை வகுப்பில் மறைத்துப் பழகிய பிள்ளைகள் அவர்கள். அன்று கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இரண்டாவது, ஜப்பார் படேல் இயக்கி மம்மூட்டி நடித்த 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்'. அதில் பூனா ஒப்பந்தப் பகுதியைத் தனியாகப் போடுவேன். 1932 ஆகஸ்டில் தனி வாக்காளர் தொகுதி கிடைக்கிறது. செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்குகிறார். 24ஆம் தேதி ஒப்பந்தம். ஒரு உயிரைக் காட்டி உலகமே நெருக்கும்போது பாபாசாகேப் என்ன செய்தார்? தனி வாக்காளர் தொகுதியை இழந்தார். ஆனால் மாகாண சட்டமன்றங்களில் 71 ஆக இருந்த இடங்களை 148 ஆக எழுதி வாங்கினார். அதில் சென்னை மாகாணத்துக்கு 30. எந்த மாகாணத்துக்கு எத்தனை என்று தாளிலேயே எண் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தைப் பின்னாளில் அவரே கடுமையாக விமர்சித்தார். போட்டிருக்கலாமா, கூடாதா என்று பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: நாளை நீ கையெழுத்துப் போடும் தாளில் எண் இருக்கிறதா, தேதி இருக்கிறதா?

மூன்றாவது, மாரி செல்வராஜின் 'மாமன்னன்', 2023. அதில் நாற்காலிக் காட்சி போதும். சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் நின்றே பழகிய அப்பாவை, மகன் உட்காரச் சொல்கிறான். அந்தக் காட்சிக்கு நான் விளக்கம் சொல்வதில்லை. என்னால் முடிவதில்லை.

போன வருடம் பக்கத்து ஊரில் அண்ணல் பெயர்ப் பலகையைப் பிடுங்கிப் போட்டார்கள். மறுபடி ஒரு அமைதிப் பேச்சுவார்த்தை. முந்தின இரவு பயிலகத்தில் பிள்ளைகளே அதிகாரியாகவும் எதிர்த்தரப்பாகவும் நடித்துப் பார்த்தார்கள். யார் பேசுவது, யார் எழுதுவது, எதை விட்டுத்தரக் கூடாது என்று முடிவு செய்தார்கள். உள்ளே நாற்காலி இல்லை. "கொண்டு வர்ற வரைக்கும் காத்திருக்கோம் சார்" என்றாள் அந்த நர்சிங் தங்கை. பக்கத்து அறையிலிருந்து வந்தது. தாளில் அதே 'இரு தரப்பினரும்'. அவர்கள் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தார்கள். வெளியே நின்ற எனக்குத்தான் கை நடுங்கியது. அடுத்த வாரக் கூட்டத்தில் பலகையை மீண்டும் வைக்கும் தேதி எழுதப்பட்டது. அந்தத் தேதியில் வைக்கவும்பட்டது. 'இரு தரப்பினரும்' என்ற சொல்லை மட்டும் அதிகாரி கடைசிவரை எடுக்கவில்லை. பிடுங்கியவர்கள் மீதான வழக்கு தனியாக நடக்கிறது.

தோழர்களே, இதைக் கலக்காதீர்கள். பாதைக்குப் பேசலாம், பலகைக்குப் பேசலாம். அடி விழுந்தால் அது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி புகார். அதைப் பேசி முடிக்கச் சொல்கிறவர் சமாதானம் கேட்கவில்லை, உங்கள் வழக்கைக் கேட்கிறார்.

என் பழைய தாளின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த ஊரில் பிணம் இன்னும் வயல் வரப்பில்தான் போகிறது. ஒவ்வொரு புது வகுப்பிலும் முதலில் அந்தத் தாளைத்தான் படிக்கக் கொடுக்கிறேன். என் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதன்பிறகுதான் படம்.

ஜெய்பீம்.