ஜேசன் லெனர்டின் கழுத்து

ரக்பி ஸ்க்ரம்ல ப்ராப் நிக்கிறது முன்வரிசை. பின்னாடி அஞ்சு பேர் தள்ளுவாங்க, எதிர்ல எட்டுப் பேர். அத்தனையும் இறங்குறது கழுத்துலயும் தோள்லயும்தான் மக்களே.

இங்கிலாந்து ப்ராப் ஜேசன் லெனர்ட் தொழில்ல தச்சர். அப்போ ரக்பி யூனியன்ல சம்பளமே கிடையாது. 1992ல கழுத்து டிஸ்க் போய், கையில பலம் குறைஞ்சது. இடுப்பெலும்புத் துண்டை எடுத்துக் கழுத்துல வச்சு ஆபரேஷன். அப்புறம் 2003 உலகக்கோப்பை ஃபைனல்லயும் ஆடினார். நாட்டுக்காக மொத்தம் 114 டெஸ்ட்!

எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் நிக்குது. மூட்டை தூக்குற அண்ணன்கள் ஓ.பி.ல "கழுத்து வலி, ஊசி போடுங்க சார்"னு வருவாங்க. என் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னா, பிடி இருக்காது. ஸ்கேன்னு சொன்னா, "நாளைக்கு லோடு இருக்கே..."

வெறும் வலின்னா பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. சட்டை பட்டன் போட வரல, டம்ளர் நழுவுதுன்னா, லோடை விட்டுட்டு வாங்கண்ணே.