வீணாகும் வெப்பம்

மலைநாட்டுக் குசினிகளிலே தேங்காயெண்ணெய்ப் போத்தலை அடுப்பருகே வைத்திருப்பதை வாசகர் பலர் கண்டிருப்பர். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அவ்வெண்ணெய் உறைந்து வெண்மெழுகாகிவிடும். கடற்கரையூரிலிருந்து வருபவருக்கு இது வேடிக்கை. 2022ஆம் ஆண்டில், 4000 அடிக்கு மேலேயுள்ள ஹற்றன் பக்கத்தில், அதே எண்ணெயைக் கொண்டு பழைய பஸ்ஸொன்றை ஓட்ட முனைந்த ஆசிரியர்களாகிய எமக்கோ அதுவே முதற் பிரச்சினையாயிற்று.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாயிருந்த டீசல், யூன் 26ஆம் திகதி 460 ரூபாவாயிற்று. மறுநாள் நள்ளிரவு முதல் யூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் எரிபொருள் இல்லையென்றும் அறிவித்தார்கள். பாடங்களை இணையவழி நடத்தலாம் என்றார்கள். லயத்துக் காம்பராவிலே ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் எவ்வாறு பங்கிடுவர் என்று எவரும் கேட்கவில்லை. எமது உயர்தர வகுப்பினர் சிலர் ஆறு மைல் நடந்து வந்தனர். சிலர் நின்றுவிட்டனர், நின்றவருட் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள்.

டீசல் இயந்திரம் தாவர எண்ணெயில் ஓடுமென்பது புதுமையன்று. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே சிறிய இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டிற்று. ஆனால் 40 பாகையிலே தாவர எண்ணெயின் பிசுக்குமை டீசலினதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. இன்ஜெக்டரின் நுண்துளை வழியே அது பனிபோற் சிதறாது. துளியாய் விழுந்து அரைகுறையாய் எரிந்து கரியைப் படியவிடும். எரியாத மிச்சம் பிஸ்டன் ஓரமாய் வழிந்து, அடியிலுள்ள மசகெண்ணெயையும் பாழாக்கும். 70 பாகைக்கு மேலே சூடாக்கினாலன்றி அதனால் ஓட்டம் இல்லை.

எங்களுக்கு வாய்த்த கராஜ்காரர் யாழ்ப்பாணத்தவர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே மண்ணெண்ணெயில் வண்டிகளை ஓடவைத்துப் பழகிய கை. “மாஸ்டர், எண்ணெயைச் சூடாக்கப் புறம்பாய் அடுப்பொண்டும் வேண்டாம். எஞ்சின் வீணாக்கிற சூடே காணும்,” என்றார். உண்மை. எரிபொருளின் சக்தியில் மூன்றிலொரு பங்குதான் சக்கரத்தைச் சேர்கின்றது. ஏறக்குறைய அவ்வளவே புகையோடு போக, மற்றது இயந்திரத்தைச் சுற்றியோடும் நீரிலே இறங்கி, றேடியேற்றர் வழியே காற்றுக்குப் போகின்றது. குளிர்நாட்டு பஸ்களிலே இந்த நீரின் ஒரு கிளையைப் பயணிகளின் குளிர்போக்கத் திருப்புவார்கள். எமது பஸ்ஸில் அந்த ஏற்பாடு கிடையாது. கிளையை நாமே வெட்டவேண்டியிருந்தது.

எங்கே வெட்டுவது? இயந்திரம் சூடேறும்வரை றேடியேற்றருக்குப் போகும் வழியை ஒரு வெப்பவால்வு அடைத்திருக்கும். அதற்கு அப்பால் வெட்டினால் வேண்டிய வேளையிலே நீர் வராது. ஆகவே வால்வுக்கு முன்னே எடுத்து, எண்ணெய்த் தாங்கியினுள்ளே சுருள்குழாயாய் ஓட்டி, நீர்ப்பம்பின் உறிஞ்சும் பக்கத்திலே திருப்பிச் சேர்த்தோம். தாங்கி முழுவதும் உருகக் காத்திராமல், உறிஞ்சுகுழாயைச் சுருளின் நடுவே இறக்கினோம். சுற்றியுள்ள எண்ணெய் முதலில் உருகினாற் போதும். தாங்கியிலிருந்து இயந்திரம் வரையுள்ள எண்ணெய்க்குழாயையும் சுடுநீர்க்குழாயோடு சேர்த்துக் கட்டிச் சாக்குச் சுற்றினோம். புறப்படுவதும் நிறுத்துவதும் டீசலிலே. இடையோட்டம் மட்டும் எண்ணெயிலே. இதற்கென இரண்டு தாங்கிகளும் ஒரு திருப்புவால்வும்.

யூலை இறுதியிலே வாரத்துக்கு மூன்று நாட் பள்ளி நடத்தலாமென்றானபோது பஸ்ஸும் ஆயத்தமாயிற்று. சுருளைச் செம்பிலே செய்திருந்தோம். செம்பு வெப்பத்தை நன்கு கடத்தும் என்பதை மாணவருக்குப் படிப்பித்தவர் நாமல்லவா! அதே செம்பு சூடான எண்ணெயைப் பிசினாக்குவதை விரைவுபடுத்தும் என்பதை எமக்குப் படிப்பித்தது பஸ்தான். மூன்றாம் வாரம் ஒரு செங்குத்து வளைவிலே வடிகட்டி அடைத்துக்கொண்டது. டீசலுக்குத் திருப்பினோம், இருந்த சொற்பம் ஏற்றத்துக்குப் போதவில்லை. நாற்பது பிள்ளைகளும் இறங்கி நடந்தனர். தாங்கியைத் திறந்து பார்த்தபோது சுருளின்மேல் வார்னிஷ் பூசியதுபோல மஞ்சட்பிசின். இரும்புக் குழாயிலே புதிதாய்ச் செய்தோம். வெப்பம் சற்று மெதுவாகத்தான் ஏறியது, ஏறியது நிலைத்தது. இன்னொரு நாள் சாரதி டீசலுக்குத் திருப்ப மறந்து நிறுத்திவிட, விடியற்காலையில் எண்ணெய் குழாய்க்குள்ளேயே உறைந்து கிடந்தது. சுடுநீரில் நனைத்த சாக்கைச் சுற்றிச் சுற்றி உருக்கினோம். அதைப் பார்த்த பிள்ளையொருத்தி, “பஸ்ஸுக்குக் காய்ச்சலா சேர்?” என்றாள்.

இயந்திரப் பிரச்சினை இவ்வளவே. மற்றதை நாம் எதிர்பார்க்கவில்லை.

நாம் ஊற்றியது தேநீர்க்கடைகளிலே வடை சுட்டு மிஞ்சிய கழிவெண்ணெய். உணவை எரிக்கவில்லை என்ற நிம்மதி எமக்கிருந்தது. நாளுக்குப் பத்து லீற்றர் வேண்டியிருந்ததால், கடைக்காரர் கேட்ட விலையைக் கொடுத்தோம். ஒரு மாலை, தோட்டத்துச் சந்தியிலே பலகாரம் விற்கும் அம்மா ஒருவர் பஸ்ஸை மறித்தார். நாம் வாங்கிய எண்ணெயை அதற்குமுன் வாங்கி வந்தவர் அவர். “புள்ளைகள ஏத்திட்டுப் போங்க சேர், நான் வேணாங்கல. எண்ணெய்க்கு நான் எங்க போறது?”

பலமுறை காய்ந்த எண்ணெய் உடலுக்குக் கேடு என்று சொல்ல எமக்கு வாயெடுத்தது. சொல்லவில்லை. புதிய எண்ணெய் வாங்க வழியிருந்தால் அவர் சந்தியிலே நின்று எம்மை மறித்திருப்பாரா? எமது கூட்டத்திலே அன்றிரவு நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. பிள்ளைகளின் படிப்பே முதலென்றனர் சிலர். லயத்து மக்களின் தட்டிலே விழும் கழிவை இயந்திரத்துக்குத் திருப்பியது நல்லதே என்றார் ஒருவர். அதற்குப் பதிலாய் அந்தத் தட்டிலே என்ன விழும் என்று மற்றொருவர் கேட்டார். அதற்கு அவரிடம் விடையில்லை, எம்மிடமும் இல்லை.

அவர் வாங்கிவந்த இரு கடைகளையும் அவருக்கே விட்டுவிட்டோம். எண்ணெய் குறைந்தது. டீசல் பங்கீட்டிலே ஓரளவு கிடைக்கத் தொடங்கும்வரை, மூன்று நாளில் ஒருநாள் பிள்ளைகள் நடந்தே வந்தார்கள். அந்நாட்களிலே நாமும் அவர்களோடு நடந்தோம்.