வேலியிலே ஒரு பொட்டு

யாழ்ப்பாணத்து வளவுகளை வேலிகள் பிரிக்கின்றன. ஆயினும் அயலார் ஒரு சுண்டு அரிசியோ ஒரு பிடி முருங்கையிலையோ கைமாறுவதற்கு வேலியிலே பொட்டு ஒன்று விடுவதும் எம்மவர் வழக்கம். கணினிக்குள்ளும் அத்தகைய பொட்டு உண்டு என்பதை மாணவர்கள் அறிதல் நன்று.

எமது பக்கத்துக் கல்லூரி மலர்கள் பல, பாமினி எழுத்துருவிலே பேஜ்மேக்கர் மென்பொருளைக் கொண்டு ஆக்கப்பட்டவை. இன்றைய கணினியில் அவற்றைத் திறத்தல் அரிது. ஆதலின் நாம் வெர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளால் எமது கணினிக்குள்ளேயே மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்து, அதிலே 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியை இயக்குகின்றோம். அது வேலியடைத்த தனி வளவு. வெளிக்கணினியின் கோப்புகள் அதற்குத் தெரியா.

இரண்டையும் இணைக்கும் பொட்டே பகிர்ந்த கோப்புறை. மெய்நிகர்க் கணினியினுள் முதலில் கெஸ்ட் அடிஷன்ஸ் என்னும் துணைநிரலை நிறுவுதல் வேண்டும். பின்னர் அமைப்புப் பகுதியிலே வெளிக்கணினியின் கோப்புறை ஒன்றைச் சுட்டினால், அது உள்ளே வலையமைப்பு வட்டுப் போலத் தோன்றும்.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. உள்ளே தெரிவது பிரதி அன்று; அதே கோப்புறைதான். உள்ளே அழித்தது வெளியேயும் அழியும். மெய்நிகர்க் கணினியை முன்னைய நிலைக்கு மீட்கும் ஸ்னாப்ஷாட் வசதியும் அதனைத் திருப்பித் தராது. எக்ஸ்பிக்கான பொதுப் பாதுகாப்பு ஆதரவோ 2014 ஏப்ரல் 8 ஆம் நாளுடன் முடிந்தது. நச்சுநிரல் உள்ளே புகுமாயின், அதற்கும் அப்பொட்டே வழியாகும்.

ஆகவே நாம் இரு கோப்புறைகளையே பகிர்கின்றோம். மூலக்கோப்புகள் உள்ளதனை ‘வாசிக்க மட்டும்’ என வரையறுத்துள்ளோம். மற்றது, மீட்ட பாடத்தை வெளியே எடுப்பதற்கான வெறுங் கோப்புறை. மெய்நிகர்க் கணினிக்கு இணையத் தொடர்பும் கொடுப்பதில்லை. வெளியே வந்த பாடத்தை யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்புப் பார்க்கின்றோம்.

இவ்வாறு மீட்ட மலரொன்றிலே, காலஞ்சென்ற எமது ஆசிரியரின் கட்டுரை ஒன்றைக் கண்டோம். அதன் அச்சுப் பிரதியை நாம் வேறெங்கும் கண்டதில்லை. 1981 இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களை இழந்த ஊர் எமது. எம் வீட்டு அலுமாரிகளிலே கிடக்கும் பழைய இறுவட்டுகளிலும் இத்தகையன இருத்தல் கூடும். மாணவர்களே, அடுத்த விடுமுறையில் அவற்றைத் தேடி எடுங்கள். முதலில் ஒரு பிரதி செய்து வேறிடத்தில் வைத்துவிட்டு, அதன் பின்னரே பொட்டைத் திறவுங்கள்.