நேர்வாசலில் இல்லாத அறை

மருத்துவமனையில் இரகசியம் காப்பது பூட்டும் காவலாளும் சேர்ந்து முடித்துவிடும் வேலை என்று வெளியில் இருப்போர் கருதுவதுண்டு. உள்ளே கேஸ் ஷீட்டுகளோடு, அதாவது நோயாளி சேர்ந்த நாள் முதல் வீடு திரும்பும் நாள் வரை அவருக்கு நடந்தவை எல்லாம் எழுதப்படும் தாள்கட்டுகளோடு, நாள்தோறும் புழங்குவோருக்கு அது கைப்பழக்கத்தால் மட்டுமே அமையும் ஒரு தொழில் என்பது தெரியும். புகழ்பெற்றவர் ஒருவரின் நோய் அவருடைய மருத்துவரின் வாயால் வெளியே வருவது அரிது. சமையற்கூடத்துக்குப் போகும் உப்பில்லாக் கஞ்சிச் சீட்டும், மருந்தகத்துக்குப் போகும் மருந்துச் சீட்டும், டயாலிசிஸ் பிரிவில் நள்ளிரவில் ஒதுக்கப்படும் ஒரு படுக்கையும் தாமாகவே பேசிவிடுகின்றன; மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர் மருத்துவம் படிக்காதவராக இருந்தாலும் சிறுநீரகம் பழுதென்று ஊகித்துவிடுவார். இந்திய மருத்துவக் கழகம் 2002இல் வகுத்த தொழில் ஒழுக்க விதிகள், நீதிமன்ற ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ நேரக்கூடிய கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகிய மூன்று சூழல்களில் அன்றி நோயாளியின் இரகசியத்தை வெளியிடக் கூடாது என்று பதிவுபெற்ற மருத்துவரைத்தான் கட்டுப்படுத்துகின்றன. சீட்டைச் சுமந்து செல்லும் அட்டெண்டரும் பில் போடுபவரும் அவ்விதிகளின் எல்லைக்குள் வருவதில்லை என்பதால், அந்த இடைவெளியை அடைப்பது பெரும்பாலும் மருத்துவமனையின் நடைமுறையே.

இத்தொழிலின் தந்திரங்களில் வெளியாருக்கு முதலில் நினைவுக்கு வருவது மாற்றுப்பெயர். அனுபவம் முதிர்ந்தோர் மிகவும் அஞ்சுவதும் அதற்குத்தான். இரத்தம் எடுத்த குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டும் செவிலியர், கட்டிலை விட்டு நகர்வதற்கு முன்பே, நோயாளியின் மணிக்கட்டில் கட்டிய பட்டையில் உள்ள பெயரையும் பதிவெண்ணையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். இரத்த வங்கி அதே இரண்டையும் தன் பழைய பதிவோடு ஒப்பிடும். பட்டையில் ஒரு பெயரும் பழைய பதிவில் வேறொரு பெயரும் இருந்து, பதிவெண்ணும் புதிதாகப் போடப்பட்டிருந்தால், முன்பு குறிக்கப்பட்ட இரத்த வகையும், பென்சிலின் ஒவ்வாமை பற்றி எப்போதோ எழுதப்பட்ட ஒரு வரியும், வேறு யாருக்கோ உரியவை போல அந்தப் பழைய கோப்பிலேயே தங்கிவிடும். ஆகவே தேர்ந்த மருத்துவமனைகள் பதிவெண்ணை மாற்றுவதில்லை. கணினித் திரையில் பெயரை மட்டும் மறைத்து, அக்கோப்பை யார், எப்போது, எந்தக் கணினியிலிருந்து திறந்தார் என்ற தடத்தை விடாமல் சேர்த்து வைக்கின்றன. அந்தத் தடம் ஆர்வத்தை அடக்கிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 1932 முதல் இயங்கிவரும் லண்டன் கிளினிக் பிரபலங்களுக்கு ஓசையின்றிச் சிகிச்சை தருவதில் பேர்பெற்றது; வேல்ஸ் இளவரசி 2024 ஜனவரியில் வயிற்று அறுவை சிகிச்சைக்காக அங்கே தங்கியிருந்தபோது அவருடைய பதிவுகளைப் பார்க்க ஊழியர் முயன்றதாகச் செய்தி எழுந்து, விவகாரம் அந்நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் வரை போனது. அதே நகரின் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவமனையில் 2012இல் நேர்ந்தது இதனினும் கொடியது: வரவேற்பாளர் பணிக்கு வராத விடியற்காலையில், அரச குடும்பத்தினர் போலக் குரல் மாற்றிப் பேசிய ஆஸ்திரேலிய வானொலி அறிவிப்பாளர்களின் அழைப்பை எடுத்த இந்தியச் செவிலியர் ஒருவர் அதை வார்டுக்கு இணைத்துவிட்டார், சில நாட்களில் அவர் இறந்துபோனார். அழைத்தவரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மருத்துவமனையே திரும்ப அழைக்கும் என்று சொல்லி வைத்துவிடுவதே இதற்குக் கைகண்ட வழி. ஆனால் அந்த வழியை வகுத்துக் கொடுத்து, அரசியே அழைத்தாலும் அப்படிச் சொல்லலாம் என்ற துணிவையும் ஊழியருக்குத் தர வேண்டியது நிர்வாகம்.

கட்டட அமைப்புக்கும் இத்தொழிலில் பெரும் பங்கு உண்டு. செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுப்பித்த சத்ருமல்லேசுவராலயத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: முகப்பு தெற்கு நோக்கியிருக்க, கருவறை மண்டபத்தின் மேற்குச் சுவரில் கிழக்கு நோக்கி அமைந்திருப்பதால், வாயிற்காவலர் சிற்பங்களுக்கு நடுவே நிற்பவருக்கு மண்டபம் முழுதும் தெரிந்தாலும் உள்ளிருக்கும் இலிங்கம் தெரிவதில்லை. பல்லவச் சிற்பிக்கு மருத்துவமனைக் கவலை இருந்திருக்க வழியில்லை. ஆயினும் லிஃப்ட் திறந்ததும் அறைக்கதவு கண்ணில் படாமல் தாழ்வாரம் ஒருமுறை திரும்பி, அந்தத் திருப்பத்தில் செவிலியர் மேசை இருக்குமாறு அமைக்கும் இன்றைய கட்டடக்காரர் அதே கணக்கைத்தான் போடுகிறார். மேசை அங்கே இருப்பதால் வருவோரைத் தடுக்கவும் முடிகிறது, நோயாளி அழைத்தால் உடனே ஓடவும் முடிகிறது.

இரண்டாவது வசதியைக் கைவிட்டு முதலாவதை மட்டும் பெருக்கிக்கொண்டே போனால் நேர்வதை, வால்டர் வைன்டிராப் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1964இல் வி.ஐ.பி. சிண்ட்ரோம் என்று பெயரிட்டு எழுதினார். நோயாளியின் தகுதியைக் கண்டு மிரண்டு வழக்கமான ஒழுங்கை மருத்துவர்களும் செவிலியரும் தளர்த்துவதால், தலைசிறந்த சிகிச்சைக்கு வந்தவர் சராசரிக்கும் கீழான சிகிச்சையைப் பெறுவதே அது. தூக்கம் கெடுமென்று இரவில் நாடி பார்க்காமல் விடுவதும், கேட்கக் கூசி மலங்கழிந்ததா என்று கேளாமல் விடுவதும் அதன் சிறிய வடிவங்கள்.

தமிழ்நாட்டில் இத்தொழில் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது சென்னை கிரீம்ஸ் சாலை அப்போலோவில்தான். 1983இல் திறக்கப்பட்ட அம்மருத்துவமனையில் மறு ஆண்டு அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சேர்க்கப்பட்டு, நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் அங்கே மருத்துவமனையில் இருக்கும் படக்காட்சி இங்கே தேர்தல் நேரத்தில் ஊர் ஊராகக் காட்டப்பட்டது. 2016 செப்டம்பர் 22 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா அங்கே சேர்க்கப்பட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. காய்ச்சலும் நீரிழப்பும் என்று தொடங்கிய மருத்துவ அறிக்கைகள், டிசம்பர் 5 இரவு அவர் இறக்கும் வரையிலான 75 நாட்களில் ஒரு புகைப்படமும் இல்லாமலே வந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்காணிப்புக் கேமராக்கள் அணைக்கப்பட்டிருந்தன என்று மருத்துவமனையின் தலைவர் 2018இல் செய்தியாளர்களிடம் கூறினார். 2017 டிசம்பரில், ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தைய நாள், ஜெயலலிதா படுக்கையில் பானம் அருந்தும் காணொளி ஒன்று அரசியல்வாதி ஒருவரால் வெளியிடப்பட்டது. அவருடைய மரணம் குறித்து ஆறுமுகசாமி ஆணையம் விசாரித்தது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அமைந்த எய்ம்ஸ் மருத்துவர் குழு, சிகிச்சை மருத்துவ நெறிப்படியே நடந்தது என்று 2022இல் அறிக்கை தந்தது. சந்தேகம் மட்டும் தெருவில் அப்படியே இருந்தது.

இந்த நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இரகசியம் நோயாளியின் உடைமை என்ற அடிப்படையே நழுவிப்போயிருப்பது தெரியும். அவர் பேசும் நிலையில் இருக்கும்போது, எதைச் சொல்லலாம், யார் சொல்லலாம், தம்மால் இயலாமற்போனால் யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்கிக் கேஸ் ஷீட்டின் முதல் தாளில் சேர்த்துவிட்டால், பின்னர் வரும் உறவினருக்கும் கட்சிக்காரருக்கும் அந்தத் தாளையே காட்டிவிடலாம். அரசுப் பதவியில் இருப்பவரானால், பணியாற்றும் நிலையில் இருக்கிறாரா இல்லையா என்ற ஒன்றை மட்டும் குடிமக்களுக்குச் சொல்லிவிட்டு, மலமும் சளியும் பற்றிய விவரங்களை அறைக்குள்ளேயே வைத்துக்கொள்வது நியாயமான எல்லை.

இதே தாள் தளவானூரிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ பேருந்தேறிப் போகும் பெண்ணுக்கும் உரியதே, ஏனெனில் 2002இன் விதிகளில் பிரபலம் என்றொரு சொல் இல்லை. நெரிசலான பொது வார்டில், ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் பின்னால் மாணவர்கள் சூழ, முன்பு எத்தனை முறை கரு கலைந்தது என்று உரக்கக் கேட்க, அடுத்த கட்டிலுக்குத் துணையிருக்கும் அவளுடைய ஊர்க்காரி டிபன் கேரியரைத் திறந்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எந்த மருத்துவமனையிலும் காணக்கூடியது. அங்கே திருப்பமுள்ள தாழ்வாரம் கட்ட இடமில்லை. பழகிய செவிலியர் ஒருவர் மருத்துவர் அந்தக் கட்டிலை நெருங்கும்போதே துணையிருக்கும் பெண்களை வெந்நீர் பிடித்துவர அனுப்பிவிட்டு, சக்கரம் கிறீச்சிடும் துணித்தட்டியை இழுத்து நிறுத்தி, கேஸ் ஷீட்டின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, கேள்வியை வாய்விட்டுக் கேட்கவிடாமல் விடையை மருத்துவரின் கண்முன் நீட்டுவார்.